படிவத்தின் பெயரால் ஒரு குழு: யூபி40 பற்றிய வாசகர் கேள்விகள்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பற்றி முன்பு வெளியான குறிப்பில் இங்கிலாந்தின் யூபி40 குழுவுக்கு ஒரே ஒரு வரியைத்தான் ஒதுக்கியிருந்தோம். அது போதாது என்று வாசகர்கள் உரிமையோடு கடிந்துகொண்டிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எழுத்தும் எண்ணுமாக ஓர் இசைக்குழுவுக்கு இப்படி ஒரு பெயர் எதற்கு? ஏதாவது சங்கேதமா?

பதில்: சங்கேதம் எதுவுமில்லை. அது ஓர் அரசாங்கப் படிவத்தின் எண். பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகை பெறுவதற்காக வைத்திருந்த அட்டைக்கு, 'வேலையின்மை உதவித்தொகை, படிவம் 40' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக 'யூபி40' என்று பெயர். 1978இல் பர்மிங்ஹாம் நகரில் ஒன்றுகூடிய அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் அந்த அட்டையோடு அலுவலக வரிசையில் நின்றவர்கள்தாம். நண்பர் ஒருவர் இந்தப் பெயரைச் சொல்ல, குழு அதையே வைத்துக்கொண்டது.

விளம்பரத்துக்குக் காசில்லாத குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பிரிட்டனில் வேலையிழந்தோர் எண்ணிக்கை 1982 ஜனவரியில் 30 லட்சத்தைத் தாண்டியது என்றால், அத்தனை பேருடைய சட்டைப்பையிலும் இந்தக் குழுவின் பெயர் முன்கூட்டியே அச்சாகி இருந்தது என்று பொருள். 1980இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையையும் அந்த அட்டையைப் போலவே வடிவமைத்து, 'சைனிங் ஆஃப்' என்று தலைப்பிட்டார்கள். வேலை கிடைத்தவர் உதவித்தொகைப் பதிவேட்டிலிருந்து தம் பெயரை நீக்கிக்கொள்வதற்கு அங்கே வழங்கும் சொல் அது. இனி எங்களுக்கு இந்த அட்டை வேண்டாம், பாட்டே எங்கள் வேலை என்று அரசாங்கத்துக்கே தெரிவித்துவிட்டதைப் போன்ற தலைப்பு.

கேள்வி: இவர்கள் வாத்தியம் வாசிக்கத் தெரியாமலேயே குழு தொடங்கினார்கள் என்று படித்தேன். நம்பும்படியாக இல்லையே?

பதில்: முக்கால்வாசி உண்மை. பாடகர் அலி கேம்ப்பெலும் அவருடைய அண்ணன் ராபினும் பாட்டு வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தந்தை இயன் கேம்ப்பெல் பெயர்பெற்ற நாட்டுப்புறப் பாடகர். மற்றவர்களில் பலருக்குக் குழு சேர்ந்த பிறகுதான் வாத்தியம் கைக்கு வந்தது. சாக்ஸபோன் வாசித்த பிரையன் டிராவர்ஸ் மின்பணி கற்றவர்.

வாத்தியங்கள் வாங்கப் பணம் வந்த வழிதான் விசித்திரமானது. அலி கேம்ப்பெல் தம் 17ஆவது பிறந்தநாளன்று மதுக்கடையொன்றில் தாக்கப்பட்டு முகத்தில் கண்ணாடிக் காயம் பட்டார். குற்றச்செயல்களால் காயமடைந்தவர்களுக்கு அரசு வழங்கும் இழப்பீடாக அவருக்குச் சுமார் 4,000 பவுண்டு கிடைத்தது. குழுவின் முதல் கருவிகளில் சில அந்தப் பணத்தில் வாங்கப்பட்டவை. பிறகு நிலவறை ஒன்றில் மாதக்கணக்கில் பயிற்சி. வேலையில்லாதவர்களிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை; பகல் முழுவதும் வாசித்துப் பழக வேறு எந்தக் குழுவுக்கு வாய்த்திருக்கும்?

1979 பிப்ரவரி 9 அன்று, கிங்ஸ் ஹீத் பகுதியில் உள்ள 'ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்ற மதுக்கூடத்தின் மாடியில் அரங்கேற்றம் நடந்தது. தொடக்கத்தில் இருந்த இருவர் விலகி, கீபோர்டு கலைஞர் மைக்கேல் வெர்ச்சுவும், ஆஸ்ட்ரோ என்று அழைக்கப்பட்ட டெரன்ஸ் வில்சனும் சேர்ந்த பிறகு, எண்மர் குழு நிலைபெற்றது. பேஸ் கிடாருக்கு ஏர்ல் ஃபால்கனர், டிரம்ஸுக்கு ஜிம்மி பிரவுன், தாளக்கருவிகளுக்கும் டிராம்போனுக்கும் நார்மன் ஹசன்.

கேள்வி: ரெகே ஜமைக்காவின் இசை. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த ஓர் ஆங்கில நகரத்துக் குழு அதை வாசித்தால் அசலாகுமா?

பதில்: இந்தக் கேள்வி அவர்களை 40 ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் பிற கரீபியத் தீவுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பர்மிங்ஹாமின் பால்சல் ஹீத், ஹாண்ட்ஸ்வொர்த் முதலிய பகுதிகளில் குடியேறினார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள்; ஒரே தெருவில் விளையாடினார்கள். வார இறுதிகளில், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஜமைக்கா இசைத்தட்டுகளைப் போடும் 'சவுண்ட் சிஸ்டம்' கொண்டாட்டங்கள் நடக்கும். அந்த வட்டாரத்தில் வளர்ந்த வெள்ளைச் சிறுவனுக்கும் ரெகேதான் தெருவில் கேட்ட பாட்டு. 1978இல் 'ஹாண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' என்ற ஆல்பத்தைத் தந்த ஸ்டீல் பல்ஸ் குழுவும் அதே நகரத்தில் முளைத்ததுதான்.

இசையின் கட்டமைப்பையும் சொல்லிவிடுகிறேன். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் மேற்கத்திய ராக் இசை முதல் எண்ணிக்கையை ஓங்கி அடித்துத் தொடங்கும் இடத்தில், ரெகேயின் 'ஒன் டிராப்' முறை அந்த முதல் அடியை வெறுமனே விட்டுவிட்டு மூன்றாவதில் அழுத்தம் தருகிறது. கிடாரும் கீபோர்டும் நம் இசையில் 'அரை இடம்' என்கிறோமே, அந்த இடைவெளிகளில் வெட்டி வெட்டிப் போகின்றன. மெட்டைச் சுமக்கும் பொறுப்பில் பெரும்பகுதி பேஸ் கிடாருடையது. அடிக்காமல் விட்ட இடம்தான் இந்த இசைக்கு அசைவைத் தருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கத் துடிக்கும் புதுக்குழுவுக்கு, வாசிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் கடினம். இவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது முதல் ஆல்பத்திலேயே தெரிகிறது. அசலா என்ற கேள்விக்கு என் காதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்: 1980, 1981ஆம் ஆண்டுகளின் யூபி40 அசல்தான். அதற்குப் பிந்தைய எல்லாவற்றுக்கும் நான் அந்தச் சாட்சியம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் ஆதரவில்லாமல் அவர்களால் எப்படி மேலே வர முடிந்தது?

பதில்: கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறைய பிடிவாதம். பிரிட்டெண்டர்ஸ் குழுவின் பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் இவர்களுடைய நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் தம் சுற்றுப்பயணத்தில் முன்னால் வாசிக்க அழைத்தார். அப்போது பிரிட்டெண்டர்ஸ் விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்த குழு. ஊர் ஊராக நிறைந்த அரங்குகள் இவர்களுக்கும் சேர்த்துக் கிடைத்தன. அதே சமயத்தில், டட்லி என்ற நகரில் இயங்கிய கிராஜுவேட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் இவர்களுடைய முதல் தட்டை வெளியிட, அது பிரிட்டிஷ் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிய பாட்டு, மறுபக்கம் பசியையும் பஞ்சத்தையும் பற்றிய பாட்டு. காதல் ஒரு சொட்டுக்கூட இல்லை!

ஆல்பம் உருவான இடத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். பாப் லாம்ப் என்ற டிரம்ஸ் கலைஞர் தாம் குடியிருந்த ஒற்றை அறையிலேயே எட்டுத் தட ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருந்தார். எட்டுப் பேரும் கருவிகளோடு அந்த அறையில் நுழைந்துவிட்டால் அசைய இடமில்லை. தாளக்கருவிகளைத் தோட்டத்தில் வைத்து வாசித்துப் பதிவு செய்தார்கள். அப்படி உருவான ஆல்பம் பிரிட்டனில் 2ஆம் இடத்தைப் பிடித்து, ஓராண்டுக்கும் மேலாகப் பட்டியலில் நின்றது.

வெற்றி வந்த சூட்டிலேயே அவர்கள் தங்கள் நிறுவனத்தோடு முறித்துக்கொண்டார்கள். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் வெளியிட்ட பதிப்பிலிருந்து, அந்த ஆட்சிக்குப் பிரிட்டன் துணைபோவதைச் சாடிய ஒரு பாட்டை நிறுவனம் நீக்கிவிட்டது என்பதே காரணம். உடனே 'டெப் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் சொந்த நிறுவனம் கண்டார்கள். பழைய இறைச்சிக்கூடம் ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக்கி, அதற்கு 'அபட்வார்', அதாவது இறைச்சிக்கூடம் என்றே பெயரும் வைத்தார்கள். பாடல்களை யார் எழுதினாலும் குழுவின் பெயரிலேயே பதிவு. வருமானம் எட்டுப் பேருக்கும் சம பங்கு. பிற குழுக்கள் பங்குச் சண்டையில் உடைந்துகொண்டிருந்த காலத்தில் எண்மரும் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஒட்டியிருந்ததற்கு, இந்தச் சமபங்கைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். 1981இல் வேலையின்மையைப் பற்றி அவர்கள் பாடிய 'ஒன் இன் டென்' 7ஆம் இடத்துக்கு வந்ததும் இந்தச் சொந்த நிறுவனத்தின் வழியாகத்தான்.

கேள்வி: 'ரெட் ரெட் வைன்' யாருடைய பாட்டு? ஒரே பாட்டு இரண்டு முறை வெற்றி பெற்றது எப்படி?

பதில்: எழுதியவர் அமெரிக்கப் பாடகர் நீல் டைமண்ட். அவர் 1960களில் சோகப்பாட்டாக, மெதுவாகப் பாடியிருந்தார். 1969இல் டோனி டிரைப் என்ற ஜமைக்காப் பாடகர் அதை ரெகேயாக்கினார். யூபி40 கலைஞர்கள் சிறுவர்களாகக் கேட்டது இந்த வடிவத்தைத்தான். 1983இல், தங்கள் இளமைக்கால ரெகே பாட்டுகளை மறுபடியும் பாடித் தொகுத்த 'லேபர் ஆஃப் லவ்' ஆல்பத்துக்கு இதையும் எடுத்துக்கொண்டபோது, இசைத்தட்டில் 'என். டைமண்ட்' என்று அச்சிட்டிருந்ததை ஏதோ ஒரு ஜமைக்காக்காரரின் பெயராகவே எண்ணிக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்ட்ரோ இதைப் பின்னாளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவிலோ 1984இல் 34ஆம் இடத்தோடு ஓய்ந்துபோனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளையொட்டி நடந்த இசை நிகழ்ச்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. அதில் யூபி40யும் மேடையேறியது. அதையடுத்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர வானொலி ஒன்று இந்தப் பாட்டை மீண்டும் ஒலிபரப்பத் தொடங்க, மற்ற நிலையங்களும் பின்தொடர, அக்டோபரில் அது அமெரிக்காவின் முதலிடத்துக்கே வந்தது. இம்முறை கேட்கப்பட்டது ஆல்பத்தில் இருந்த நீண்ட வடிவம். அதில் ஆஸ்ட்ரோ தாளத்தின்மேல் சொற்களை உருட்டி விடும் 'டோஸ்டிங்' பகுதி இருக்கிறது. நீல் டைமண்டே பிறகு தம் மேடைகளில் இதை ரெகே நடையில் பாடத் தொடங்கினார் என்றால் பாருங்கள்!

ஒரு கசப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறர் பாட்டை எடுத்துப் பாடினால், பாட்டை இயற்றியதற்கான ராயல்டி பாடியவருக்கு வராது, இயற்றியவருக்கே போகும். பெயரும் கூட்டமும் குழுவுக்குப் பெருகின, ஆனால் மிகப் பெரிய வெற்றிகளின் எழுத்துரிமை வேறு வீடுகளுக்குப் போனது. 1993இல், எல்விஸ் பிரெஸ்லி பாடிப் புகழடைந்த காதல் பாட்டொன்றை ரெகேயாக்கி, அமெரிக்காவில் தொடர்ந்து 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தபோதும் இதே கதைதான். படிவ எண்ணைப் பெயராகத் தரித்த குழுவைத் திருமண விருந்துகளில் ஒலிக்கும் குழுவாக உலகம் நினைவில் வைத்துக்கொண்டதும் இதனால்தான். அந்தப் பாட்டுகளை அவர்கள் மனமாரப் பாடினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'லேபர் ஆஃப் லவ்' வரிசை இரண்டு, மூன்று என்று நீண்டுகொண்டே போனதில் சோம்பலும் கொஞ்சம் கலந்திருந்தது.

கேள்வி: இப்போது இரண்டு யூபி40 குழுக்கள் இருக்கின்றனவாமே?

பதில்: 2008இல் அலி கேம்ப்பெல் விலகினார். கணக்கு வழக்குகள் தமக்குத் தெளிவாகக் காட்டப்படவில்லை என்று அவர் சொன்னார். தனிக்கச்சேரி ஆசையால் போனார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கீபோர்டு கலைஞர் மைக்கேல் வெர்ச்சுவும் வெளியேறினார். அலியின் இடத்துக்கு வந்தவர் அவருடைய இன்னொரு சகோதரர் டங்கன். 2013இல் ஆஸ்ட்ரோவும் அலியின் பக்கம் போனதும், அவர்களும் யூபி40 என்ற பெயரிலேயே பாடத் தொடங்க, பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு மூண்டது. இதற்கு நடுவே, சொந்த நிறுவனத்தின் கடன்களுக்காக 2011இல் குழுவினர் சிலர் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். சம பங்கு என்ற ஏற்பாடு வரவுக்கு மட்டுமல்லாமல் கடனுக்கும் பொருந்தியது; அந்தப் பாரம்தான் அண்ணன் தம்பிகளை எதிரெதிர் மேடைகளில் நிறுத்தியது என்று நினைக்கிறேன். பிரையன் டிராவர்ஸ் 2021 ஆகஸ்டிலும் ஆஸ்ட்ரோ அதே ஆண்டு நவம்பரிலும் காலமாகிவிட்டார்கள். பழைய எண்மர் ஒரே மேடையில் நிற்பது இனி நடவாது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'சைனிங் ஆஃப்'. நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு, இரவில், முழுதாக. தாளக்கருவிகளின் பின்னால் உற்றுக் கேளுங்கள்; பர்மிங்ஹாமின் அந்தத் தோட்டத்துப் பறவைகள் இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருக்கின்றன.