கேளுங்க சொல்றோம்: மூணாவது பேரையும் படிங்க

கேள்வி: பொண்ணு வீட்டுக்கு அமெரிக்காவுல சாண்டா கிளாரா வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா மாப்பிள்ளை டிவியில ஃபார்ட்டி நைனர்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட மேட்ச்தான். கிரிக்கெட்டுக்கு 15 பேர் போதும், இவங்களுக்கு எதுக்கு 53 பேர்?
- வாசகர், திருச்சி

பதில்: பந்து கையில இருக்கறப்ப ஆட 11 பேர், எதிரணியை மடக்க வேற 11 பேர், அது போக கோலுக்கு உதைக்கற கிக்கர், பந்தை தூரமா உதைச்சு எதிரணிக்கு விடற பன்ட்டர், லாங் ஸ்னாப்பர்னு ஸ்பெஷல் ஆளுங்க. லாங் ஸ்னாப்பரை அடுத்த வாட்டி கவனிச்சுப் பாருங்க, குனிஞ்சு கால் இடுக்கு வழியா சுமார் 15 யார்டு பின்னாடி நிக்கற பன்ட்டர் கைக்கு நேரா பந்தை அனுப்பணும், அவருக்கு அதான் வேலை, அதுக்குன்னே டீம்ல ஒரு இடம். கேம்ப்ல 90 பேர் வரைக்கும் இருப்பாங்க, ஆகஸ்ட் கடைசியில 53 ஆக்கிடுவாங்க. மேட்ச் அன்னிக்கு அதுலயும் அதிகபட்சம் 48 பேர்தான் இறங்கலாம்.

கேள்வி: டெப்த் சார்ட்னு மாப்பிள்ளை எதையோ காட்டறார், அதுல எதைப் பாக்கணும்?
- அதே வாசகர்

பதில்: ஒவ்வொரு இடத்துக்கும் முதல்ல யாரு, அவருக்கு அடிபட்டா யாரு, அவரும் போனா யாருங்கற வரிசைதான் அது. எல்லாரும் முதல் பேரைத்தான் பாப்பாங்க, நான் சொல்றேன், மூணாவது பேரைப் பாருங்க! உங்க மாப்பிள்ளை டீமோட 2022 சீசனையே எடுத்துக்கங்க. பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் வரிசையில முதல் பேரு ட்ரே லான்ஸ், ஏகப்பட்ட டிராஃப்ட் பிக்கை (புது ஆளுங்களை டீம்கள் வரிசையா எடுக்கறதுல தங்களுக்கு வர்ற வாய்ப்பை) விட்டுக்கொடுத்து கொண்டுவந்த பையன், ரெண்டாவது மேட்ச்லயே கணுக்கால் போச்சு. அடுத்து ஜிம்மி கரோப்பலோ, டிசம்பர்ல மயாமி கூட ஆடறப்ப அவருக்கும் கால் உடைஞ்சுது. மூணாவதா இருந்தவர் ப்ராக் பர்டி, அந்த வருஷ டிராஃப்ட்ல 262ஆவது, அதாவது கடைசிப் பேரு. அவர் வந்து அந்த மேட்சையும் ஜெயிச்சு, அப்புறம் ஸ்டார்ட்டரா ஆடின லீக் மேட்ச் அஞ்சையும் ஜெயிச்சு, ரெண்டு பிளேஆஃப் (நாக்-அவுட்) மேட்சும் ஜெயிச்சுக் குடுத்தார்.

சூப்பர் பௌலுக்கு, அதாவது ஃபைனலுக்கு, ஒரே மேட்ச் பாக்கி, 2023 ஜனவரி, ஃபிலடெல்ஃபியாவுல ஈகிள்ஸ் கூட. அங்க பர்டிக்கு முழங்கையில அடி, உள்ள வந்த ஜாஷ் ஜான்சனுக்கு தலையில அடி, வேற ஆளே இல்லாம பந்தை தூரமா எறிய முடியாத கையோட பர்டியே திரும்ப வந்தார். 31-7ன்னு தோத்தாங்க. இதுக்கப்புறம்தான் அந்த 48ல சேராம மூணாவதா ஒரு குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வச்சுக்கலாம்னு 2023ல ரூல் வந்துச்சு. அந்த டீம் ரசிகர்களுக்கு அந்த தோல்வி இன்னும் வலிக்கும், எனக்கும்தான்.

கேள்வி: அப்போ ரெண்டாவது பேரா இருக்கறவங்க யாருக்காவது அடிபடற வரைக்கும் சும்மாவே உக்காந்திருக்கணுமா?
- வாசகி, மதுரை

பதில்: குவார்ட்டர்பேக்னா பெரும்பாலும் அப்படித்தான். மத்தவங்க அப்படி இல்லம்மா. எதிரணியை முன்வரிசையில நின்னு மடக்கற டிஃபன்சிவ் லைன்ல ஆளுங்க சீக்கிரம் களைச்சுப் போயிடுவாங்க, அதனால மாத்தி மாத்தி இறக்குவாங்க. அவங்களுக்குப் பின்னாடி நிக்கற லைன்பேக்கர், சேஃப்ட்டிகள்ல பேக்கப்பா இருக்கறவங்க எல்லாம் பந்தை உதைச்சு எதிரணிக்கு விடற கிக்ஆஃப், பன்ட் சமயத்துல ஓடியே ஆகணும், அதுல தேறலைன்னா மேட்ச் அன்னிக்கு ஜெர்சி கிடைக்கறதே கஷ்டம்.