நரிக்குக் கொடுத்த பட்டம்

கேள்வி: சேர், ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தான் 'டிப்ளோமசி' என்ற பழைய போர் விளையாட்டின் புதிய பதிப்பைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். தாயக்கட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. வாக்குக் கொடுத்து ஏமாற்றுவதுதான் இராஜதந்திரம் என்கிறார். பிள்ளைகளை விளையாட விடலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தாராளமாக விடுங்கள். ஏழு பேரைச் சேர்த்து, ஒரு போயா லீவு முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள், ஐந்தாறு மணித்தியாலம் போகும். ஆனால் அத்தான் சொன்ன அந்த ஒரு சொல்லை நான் விடமாட்டேன்.

இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதி, தமிழாசிரியர்கள் சிலரோடு சண்டையும் பிடித்த விஷயம்தான், திரும்பவும் எழுதுகிறேன்: டிப்ளோமசிக்கு இராஜதந்திரம் என்று பெயர் வைத்தது பிழை. தந்திரம் ஒருகாலத்தில் மதிப்பான சொல். திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகத்தான் பிரிந்திருக்கிறது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு ஞாபகம் வருவது பாட்டி சுட்ட வடையும் மரத்தடி நரியும். அந்த நரி கெட்டிக்கார நரி என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு வடை கிடைத்தது, சரி. மறுநாள்? அந்தக் காகம் இனி நரிக்கு முன்னால் வாய் திறக்குமா? காகம் கரைந்து கூட்டம் சேர்க்கிற சாதி, பின்னேரத்துக்குள் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை அத்தனை காகத்துக்கும் விஷயம் தெரிந்திருக்கும். நரி மிச்சக் காலம் பட்டினிதான். அந்த நரிக்குப் போய் இராஜதந்திரி என்று பட்டம் கட்டி வைத்திருக்கிறோம்!

இந்த விளையாட்டு அப்படியே காகங்களின் பக்கம் நிற்கிறது. அமெரிக்கரான அலன் கல்ஹாமர் 1954இல் உருவாக்கி, 1959இல் சொந்தக் காசில் 500 பெட்டிகள் போட்டு விற்றது. 2023இல் ரெனிகேட் நிறுவனம் போட்ட பதிப்பிலும் விளையாட்டு தொடங்கும் காலம் அதே 1901 வசந்தம்தான், அதே ஏழு ஐரோப்பிய வல்லரசுகள்தான், ஆளுக்கு ஒன்று. எல்லாப் படைக்கும் ஒரே பலம். பக்கத்தில் இன்னொரு படை ஆதரவு தராமல் எதிரியை ஓர் அடி கூடத் தள்ள முடியாது, வரைபடத்தில் படைகளைத் தாங்கும் 34 மையங்களில் 18ஐப் பிடிக்கிறவர் வெல்வார். உத்தரவுகளை இரகசியமாக எழுதி ஒன்றாக வாசிக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்லி விதி எதுவும் இல்லை. அதனால்தான் காப்பாற்றுகிறவருக்கு அவ்வளவு பெறுமதி.

பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் விளையாடினோம். என் நண்பர் துருக்கி, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி ரஷ்யா. கருங்கடலுக்குள் இரண்டு பேரும் கப்பல் விடுவதில்லை என்று மாடிப்படியில் பேசி முடித்தார்கள். பிள்ளை சொன்னபடி நின்றாள். நண்பர் கருங்கடலுக்குள் போனார், ஆர்மீனியாவுக்கும் படை அனுப்பினார், அந்த இலையுதிர்காலமே ரஷ்யாவின் செவஸ்தபோல் அவர் கையில். அப்புறம் நடந்ததுதான் விளையாட்டு. அவர் எழும்பி யாரிடம் போனாலும் அவர்களுக்கு வேறு யாரோடோ பேச இருந்தது. அந்தப் பிள்ளையோ ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் பல்கனிக்குக் கூட்டிப்போய், நடந்ததை மட்டும் சொன்னாள். 1906 முடிய வரைபடத்தில் துருக்கிப் படை ஒன்றுகூட இல்லை.

கல்ஹாமர் அதை உருவாக்கியதற்கும் விற்பனைக்கு விட்டதற்கும் நடுவில்தான் எங்கள் ஊரில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் இனப்பிரச்சினைக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், 1957 ஜூலை 26. அடுத்த ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு முன்னால் வந்து உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் இனக் கலவரத்தில் நாடு எரிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செல்வநாயகம் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. அந்த முறிவுகளையும் சாமர்த்தியம் என்று மெச்சியவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் ஆத்திரம் தருகிறது. ஒரு வாக்கு முறிந்தால் அடுத்த வாக்கைக் கேட்க ஆள் இருக்காது, அது அரசியலின் முதல் கணக்கு, அதைக்கூடப் போடத் தெரியாதவர்களுக்கு என்ன சாமர்த்தியம்?

எங்களிடம் தூது என்று அருமையான சொல் இருக்கிறது. குறளில் 69ஆம் அதிகாரம் அதுதான், தூதருக்கு வேண்டிய குணங்களில் முதலில் வைத்தது அன்புடைமை. பெட்டியின் மேல் 'தூது' என்று ஒரு துண்டு ஒட்டிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏழு பேர் சேராவிட்டால் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள், சிங்களப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், எந்த மொழியிலும் பேசலாம்.

அத்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் துருக்கியைக் கொடுங்கள்.