மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: ஆஸ்துமா மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. நிமோனியா வந்து 15 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்து, பிறகு எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து இப்போது மூச்சு வாங்குகிறது, சத்தமும் வருகிறது. இன்ஹேலர் பலன் தரவில்லை. சி.டி. ஸ்கேனில் ‘டிரக்கியல் ஸ்டெனோசிஸ்’ என்கிறார்கள். பிராங்கோஸ்கோப்பி, டைலடேஷன் செய்ய வேண்டுமாம். இது புற்றுநோயா?

பதில்: அந்தப் பெயருக்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூச்சுக்குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது, அவ்வளவுதான். வென்டிலேட்டரில் பல நாள் இருந்தவர்களில் சிலருக்கு இது வரும்.

டியூபின் நுனிக்குச் சற்று மேலே ‘கஃப்’ என்ற சிறிய பலூன் இருக்கும். காற்று கசியாமலிருக்க அதை ஊதி வைப்பார்கள். பலூனின் அழுத்தம் 20 முதல் 30 ‘செ.மீ. நீர்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் உட்சவ்வுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். ஆறும்போது தழும்பு இறுகும். துளை போட்ட இடத்திலும் இப்படி ஆகலாம். தழும்பு இறுக வாரக்கணக்கில் ஆவதால், வீட்டுக்கு வந்த பிறகே தொந்தரவு தெரிகிறது.

இன்ஹேலர் நுரையீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களைத்தான் விரிக்கும், தழும்பை இளக்காது. ஆஸ்துமா இழுப்புச் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்துப் பக்கம் கேட்டால் அது ‘ஸ்ட்ரைடார்’. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் ஆஸ்துமா மருந்து எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். உங்கள் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னது மிகவும் நல்லது.

பிராங்கோஸ்கோப்பி என்பது கேமரா மூலம் குழாயின் உள்ளே பார்ப்பது. சந்தேகம் இருந்தால் சதை எடுத்துப் பரிசோதிக்கவும் முடியும். வளையும் கருவி என்றால், மரத்துப்போகும் மருந்து கொடுத்து உள்ளே செலுத்துவார்கள். விரிக்கும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் விறைப்பான உலோகக் குழாய்தான். முழு மயக்கம் தேவை, ஆனால் அதன் வழியாகவே சுவாசமும் கொடுக்கலாம். தழும்பைச் சில இடங்களில் லேசரால் கீறி, பலூனை விட்டு விரிப்பதுதான் டைலடேஷன். மூச்சு உடனே லேசாகும். ஆனால் தழும்பு மறுபடி இறுகலாம், திரும்பச் செய்ய வேண்டிவரலாம். அப்படி வந்துகொண்டே இருந்தால், குறுகிய பகுதியை வெட்டி இரு முனைகளையும் இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. தகுந்தவர்களுக்கு அதுவே நிலையான தீர்வு. அதைத் தாங்க முடியாதவர்களுக்கு ஸ்டென்ட் (மூச்சுக்குழாய் சுருங்காமல் உள்ளே தாங்கி நிற்கும் சிறு குழாய்) அல்லது டி-டியூப் (கழுத்துத் துளை வழியாக வைக்கும் T வடிவக் குழாய்).

தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வந்தாலோ, கழுத்துக் குழி உள்வாங்கினாலோ, பேச்சு தொடராமல் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வார்த்தையாக, “வென்டிலேட்டரில் இருந்தவர், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது” என்று சொல்லி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.