ஆலன் பேட்டன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆலன் பேட்டன் (1903–1988) பற்றி வந்த கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: 'க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி' இனங்களைச் சட்டம் போட்டுப் பிரித்துவைத்த அபார்ட்ஹெய்டை எதிர்த்து எழுதிய நாவல்தானே அண்ணா?

ப: தேதியைப் பாருங்கள். நாவல் வந்தது 1948 பிப்ரவரியில். அபார்ட்ஹெய்ட் கொண்டுவருவோம் என்று ஓட்டுக் கேட்ட தேசியக் கட்சி ஜெயித்தது அதே வருடம் மே மாதம். பேட்டன் எழுதியது அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கொடுமையை. 1913 நிலச் சட்டம் பெரும்பான்மையான கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 7 சதவீத நிலம்; 1936 சட்டத்துக்குப் பிறகும் சுமார் 13தான். அந்த மண் சோறு போடாததால்தான் நாவலில் கிராமமே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் காலியாகிறது, பாதிரியார் குமாலோ தன் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகத் தேடி அலைகிறார். தேதியைத் தவறவிட்டால், 1948இல் யாரோ சிலர் வந்து நல்லாயிருந்த நாட்டைக் கெடுத்தார்கள் என்று ஆகிவிடும்.

கே: அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்?

ப: முதலில் பள்ளி ஆசிரியர். 1935இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே டீப்க்ளூஃப் சீர்திருத்தப் பள்ளிக்குத் தலைவராகப் போனார். கறுப்பினச் சிறுவர்களுக்கான இடம், பேர்தான் பள்ளி, நடப்பது ஜெயில். பையன்களை ராத்திரி முழுக்க உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள், மலஜலத்துக்கு அதே அறையில் வாளி. பேட்டன் மெதுவாகப் பூட்டைத் திறந்தார், முள்வேலியை எடுத்துவிட்டுப் பூச்செடி வைத்தார், நம்பிக்கை வந்த பையன்களை வீட்டுக்கு அனுப்பினார். லீவில் போனவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட திரும்பாமல் இருந்ததில்லை. ஊரை விட்டு நகரத்துக்கு வந்து தடம் மாறிய பையன்களை அங்கே தினமும் பார்த்தார். நாவலில் வரும் குமாலோவின் மகன் அப்சலோம் அந்த அனுபவத்திலிருந்து வந்தவன்.

கே: நாவலை எங்கே எழுதினார்?

ப: 1946இல் சிறைகளைப் பார்க்க வெளிநாடு போனபோது. நார்வேயில் ட்ரோண்ட்ஹெய்ம் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு வந்து தொடங்கினார், சான் பிரான்சிஸ்கோவில் முடித்தார்.

கே: நாவலைப் படிக்காமல் அதன் படம் பார்த்தால் போதுமா?

ப: போதாது.

கே: தென்னாப்பிரிக்கா மீதான பொருளாதாரத் தடைகளை எதிர்த்தவர் இவர். இவரைப் போய்ப் போராளி என்பதா?

ப: எதிர்த்தார், உண்மைதான். முதலில் அடிபடுவது கறுப்பினத் தொழிலாளியின் அடுப்பு என்பது அவர் வாதம். அதில் நான், தடைகள் வேண்டும் என்ற பேராயர் டெஸ்மண்ட் டுட்டு பக்கம்தான். ஆனால் அது ஒன்றை வைத்து ஆளை எடை போடாதீர்கள். 1960இல் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், பத்து வருடம் திரும்பக் கொடுக்கவில்லை. 1964இல், அரசுக்கு எதிரான நாசவேலைக்காகப் போட்ட ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் தூக்கு விழலாம் என்றிருந்த நேரத்தில், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கூண்டேறிச் சாட்சி சொன்னவர் இவர். அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டர் அவரையே குற்றவாளிபோல நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். வன்முறையை ஏற்காத மனிதர், வன்முறை வழக்கில் சிக்கியவர்களின் உயிருக்காக அந்த அவமானத்தைத் தாங்கினார்.

கே: (இடையில் இன்னொருவர்) சரி, ஆனால் குமாலோ எப்போதும் அழுதுகொண்டும் வேண்டிக்கொண்டும் இருக்கிறாரே? வெள்ளைக்காரர் விரும்பும் கறுப்பர் அல்லவா அது?

ப: இந்த விமர்சனத்தைக் கறுப்பின எழுத்தாளர்களே வைத்தார்கள், நியாயம் இருக்கிறது. கோபமாகப் பேசும் அவர் தம்பி ஜான் குமாலோவைக் கோழையாகக் காட்டியது எனக்கும் உறுத்தும். ஆனால் பேட்டன் அந்த நாவலோடு நின்றுவிடவில்லை. 1953இல் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய லிபரல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பல இனத்தவர் ஒரே கட்சியில் இருக்கக்கூடாது என்று 1968இல் சட்டம் வந்தபோது, வெள்ளையர் கட்சியாகப் பிழைத்துக் கிடப்பதைவிடக் கலைப்பதே மேல் என்று கலைத்தார்கள். பணிந்துபோகச் சொன்னவர் செய்கிற வேலையா இது?

கே: அபார்ட்ஹெய்ட் பற்றிய முதல் நாவல் இதுதானா?

ப: முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: தமிழர்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

ப: உண்டு. பிறந்து வளர்ந்தது நேட்டாலில், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கூலிகளாகப் போன அதே நேட்டால். 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று இந்தியர்களின் வீட்டையும் கடையையும் பிடுங்கியது. அதைக் கண்டித்து 1958இல் 'த பீப்பிள் வெப்ட்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். நாவலைப் படித்தவர்கள் அடுத்து அதைத் தேடுங்கள்.

கே: இன்னொரு தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நாடின் கார்டிமர் பற்றியும் சொல்லுங்களேன்.

ப: அவரை இரண்டு வரியில் முடிக்க முடியாது. தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.