காட்டுக்குள் குதிரை எப்படி நடந்துகொள்ளும்?

உங்கள் கதாநாயகன் புலி உலவும் அடர்காட்டைக் குதிரையில் கடக்கிறான், அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்த எடுப்பில் கனைத்து முன்னங்காலைத் தூக்க வைத்துவிடாதீர்கள்.

காதிலிருந்து தொடங்குங்கள். தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த காதுகள் இரண்டும் ஒரே புதரை நோக்கி விறைக்கும். நடை சட்டென்று நிற்கும், தலை உயரும், மூக்கு விரியும், பலமாக ஒரு சீறல். தொடைக்கடியில் அதன் முதுகு இறுகுவதை நாயகன் உணரட்டும். அப்புறம்தான் பாய்ச்சல்.

வெயிலிலிருந்து இருண்ட நிழலுக்குள் நுழையும்போதும் தயங்கும். அதன் கண் பழக நம்மைவிட நேரமாகும். தீனியையும் மறக்காதீர்கள். அடர்நிழலில் புல் அரிது, தண்ணீரோ நாளுக்கு 25 லிட்டராவது வேண்டும். ஒரு கொள்ளு மூட்டையையாவது சேணத்தில் கட்டிவிடுங்கள்.