எடைக்கல்லும் முத்திரையும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது அரிசி மண்டி. அப்பா காலையில் கடை திறந்ததும் தராசுக்குத்தான் முதல் சூடம் காட்டுவார். எனக்கு இரண்டு வருடமாகச் சாமி நம்பிக்கை இல்லை. வீட்டிலும் சொல்லிவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. "சாமியே இல்லைன்னா எடை எதுக்குடா சரியா இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் எங்கள் எலக்ட்ரானிக் தராசு கோளாறாகி, 25 கிலோ மூட்டைக்கு 200 கிராம் குறைவாகப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. வாங்கியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அப்பா அன்றிரவே நோட்டைப் புரட்டி, யாருக்கு எத்தனை மூட்டை போனது என்று கணக்கெடுத்தார். "இட்லிக்கடை அம்மா வாரம் ரெண்டு மூட்டை எடுக்குதேடா" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். மறுநாள் எல்லாருக்கும் குறைந்த அரிசியைக் கொடுத்தனுப்பினோம். நானும் கூடவே உட்கார்ந்துதான் கணக்குப் பார்த்தேன். ஆனால் அப்பாவிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? எடை குறைப்பது உண்மையிலேயே தவறா, அப்படிச் சொல்லி வளர்த்ததால் எனக்குத் தவறாகத் தோன்றுகிறதா? கடவுள் இல்லாமல், ஆளுக்கு ஆள் மாறாத அறம் என்று ஒன்று இருக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தராசிலிருந்தே தொடங்குவோம். உங்கள் தராசு சரியா என்று பார்க்க முத்திரை குத்திய எடைக்கல் வேண்டும். அந்தக் கல்லைச் சரிபார்க்க அரசாங்கத்திடம் ஒரு கல். அதைச் சரிபார்க்க அதற்கும் மேலே ஒன்று. இப்படி ஏறிக்கொண்டே போனால், 2019 வரைக்கும் பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் போய் நிற்போம். அங்கே கண்ணாடிக் கவிகைகளுக்குள் மூடி வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை இருந்தது. 1889 முதல் கிலோ என்றால் அதுதான். நூறு வருடம் கழித்து அதை அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. உருளை இளைத்ததா, பிரதிகள் கனத்தனவா? விதிப்படி உருளை இளைக்கவே முடியாது. அது இளைத்திருந்தால், உலகத்தில் மற்ற எல்லாமே கனத்துவிட்டதாகத்தான் கணக்கு! (இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், 'நிறை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மண்டிக்காரர் பாஷை பேசுகிறேன்.) இந்தச் சங்கடம் தாங்காமல்தான் 2019 மே 20 முதல் கிலோவை அந்த உருளையிலிருந்து அவிழ்த்து, பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் எண்ணோடு கட்டினார்கள்.

கடவுள் சொல்வதால்தான் அறம் அறமாகிறது என்பவர், கடவுளை அந்த உருளையின் இடத்தில் வைக்கிறார். அப்புறம் 'கடவுள் நல்லவர்' என்று சொல்வதற்குப் பொருளே இல்லாமல் போகும், உருளை ஒரு கிலோ எடை உள்ளது என்று சொல்வதைப் போல. நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, அவர்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று ஏதென்ஸில் சாக்ரடீஸ் 2400 வருடங்களுக்கு முன் கேட்டது இதைத்தான்.

நமக்கு ஏதென்ஸ் வரை போகத் தேவையில்லை, திருச்செங்காட்டங்குடி போதும். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வீட்டுக்குப் பைரவக் கோலத்தில் வந்த சிவனடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை, அந்தக் குடிக்கு ஒரே மகன், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். செய்கிறார்கள். கறி சமைத்து இலை போட்டபின், மகனைக் கூப்பிட்டால்தான் சாப்பிடுவேன் என்கிறார் விருந்தாளி. வாசலில் நின்று 'சீராளா' என்று கூப்பிட, பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதுபோல ஓடி வருகிறான்.

சின்ன வயதில் என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது, பையன் ஓடி வரும் இடத்தில்தான் எனக்கு மூச்சு வரும். பாட்டிக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அந்த இடத்துக்கு அவசரமாக வந்துவிடுவார். கேட்டது சிவனே என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே தெரியும். கடவுள் சொல்வதுதான் அறம் என்றால், இலை போட்டதோடு கதை முடிந்திருந்தாலும் நமக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பையன் திரும்பி வராவிட்டால் அந்தக் கதையை எந்தப் பாட்டியும் சொல்லியிருக்க மாட்டாள். பக்தியோடு கேட்கும்போதே நமக்குள் வேறொரு எடைக்கல் வைத்துக்கொண்டு, சிவனையும் அதில் நிறுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வள்ளுவர் இதை ஒளிக்காமலே செய்தார். பத்துக் குறளில் கடவுளை வாழ்த்தித் தொடங்கியவர், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் "பரந்து கெடுக உலகியற்றியான்" என்று சபிக்கிறார். உலகியற்றியான் என்றால் அரசன் என்று சிலர் உரை சொல்வதுண்டு. பரிமேலழகர் படைத்தவன் என்றே எடுத்துக்கொள்கிறார். படைத்தவனையே குற்றம் சாட்டலாம் என்றால், அந்தக் குற்றத்தை அளக்கும் கோல் படைத்தவன் கையில் இல்லை.

சரி, அப்படியென்றால் ஊர் ஒத்துக்கொண்டதுதான் அறமா? உங்கள் பயம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அதற்கு முந்தின நாள் சாதியைச் சொல்லிச் சுசீந்திரம் கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு நடந்தது அநியாயமா, இல்லையா? ஊர் வழக்கம் அநியாயமில்லை என்றது. சட்டமும் அதையே சொன்னது. சாஸ்திரம் தெரிந்தவர்கள் கடவுள் பெயரால் தடுத்தார்கள், எதிர்த்துப் போராடியவர்களில் பலரும் கடவுள் பெயரால்தான் போராடினார்கள். ஆனாலும் அது அன்றைக்கும் அநியாயம்தான். பிரகடனம் வந்தபின் அநியாயமாக மாறவில்லை. முத்திரை பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகர் ஒருவர் கையைப் பிடிப்பார். இட்லிக்கடை அம்மாவுக்கு 200 கிராம் நஷ்டம் என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறோம், ஆனால் அவருக்கு நஷ்டம் வரக் கூடாது என்பது எங்கிருந்து வந்தது? 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1740-ல் கேட்டதும் இதுதான். அந்தத் தாவலை நான் முழுசாக விளக்கிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடவுளை வைத்தும் அதைத் தாண்ட முடியாது. 'கடவுள் கட்டளையிட்டிருக்கிறார்' என்பதும் ஓர் 'இருக்கிறது'தானே? அதற்கு நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? படைத்தவருக்கு நன்றி காட்ட வேண்டும் என்றால், நன்றி என்ற அறம் கட்டளைக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டிப்பார் என்றால், அது போலீஸ் பயம். போலீஸ் பயத்தால் தெரு ஒழுங்காக இருக்கும், அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பயத்தால் சரியாகும் எடையும் சரியான எடைதான். ஆனால் எடை ஏன் சரியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி நாலைந்து வரி வருகிறது. உங்கள் கடையில் எழுதி மாட்டலாம். "வடு அஞ்சி வாய்மொழிந்து, தமவும் பிறவும் ஒப்ப நாடி, கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது" விற்றார்களாம். சாமி கும்பிடாத ஊர் இல்லை அது. ஆனால் எடைக்குக் காரணம் சொல்லும்போது புலவர் சொல்வது பழிக்கு அஞ்சுவதையும், தன்னுடையதையும் பிறருடையதையும் ஒன்றாகப் பார்ப்பதையும்தான். நாளைக்கு நெல் வாங்கும் இடத்தில் உங்களுக்கே ஒருவர் எடை குறைத்தால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு வர மாட்டீர்கள், 'இது அநியாயம்' என்பீர்கள். தராசுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் இந்தப் பக்கம் நின்றாலும் மாறாத ஒன்றைத்தான் அந்தச் சொல்லால் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் மாறாத அறம் என்று நான் சொல்வது இவ்வளவுதான். வானத்தில் எழுதி வைத்த எழுத்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது கவனித்தேன். தராசு கெட்டது தெரிந்த அன்றிரவு உங்கள் அப்பா புலம்பியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் சாமி வரவில்லை, இட்லிக்கடை அம்மாதான் வருகிறார்.