நடுச்சுவரை எடுக்கலாமா? பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கு ஒரு பொறியாளரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீடு 1978-இல் கட்டியது. தரைத்தளமும் மாடியும் உண்டு. எல்லாமே 9 அங்குலச் செங்கல் சுவர்கள். கூடத்தையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுத்துவிடலாம், மேலே ஓர் இரும்பு பீம் கொடுத்தால் போதும், இரண்டே நாள் வேலை என்கிறார் மேஸ்திரி. நம்பிச் செய்யலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்தச் சுவரில் இப்போது கடப்பாரை படவே விடாதீர்கள். கான்கிரீட் தூண்கள் இல்லாத வீட்டில் சுவர்தான் தூண். மாடித் தளம், அதன் மீதுள்ள மாடிச் சுவர், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தின் எடையும் அந்த நடுச்சுவர் வழியாகவே அஸ்திவாரத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முறையாக எடுத்து நன்றாக இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆனால் இது இரண்டு நாளில் முடியும் வேலையும் அல்ல, கண்ணளவில் முடிவு செய்யும் வேலையும் அல்ல.

முதலில் மாடிக்குச் சென்று, அந்தச் சுவருக்கு நேர் மேலே இன்னொரு சுவர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது சுமை தாங்கும் சுவர் என்றே கொள்ள வேண்டும். மேலே சுவர் இல்லாவிட்டாலும் நிம்மதி அடைய முடியாது. இரண்டு அறைகளின் தளமும் அதன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கலாம். நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்புதான் என்று சொல்வதும் எப்போதும் சரியல்ல. நாற்பது ஆண்டுகளில் தளம் சற்றே தொய்ந்து, சுமை தாங்கக் கட்டப்படாத தடுப்புச் சுவரின் மீது இறங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான மேஸ்திரிகள் பீமின் கனத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆபத்து இருப்பதோ பீமின் இரு முனைகளில். இதுவரை சுவரின் முழு நீளத்திலும் பரவி இறங்கிய எடை, இனி இரண்டே இடங்களில் குவியும். அந்த இடங்களில் பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மட்டும் இருந்தால் கல் நசுங்கும். அதனால் பீமின் முனைகளுக்கு அடியில், எடையைப் பரப்பி இறக்கும் கான்கிரீட் படுகைக் கட்டை வைக்க வேண்டும். எடை அதிகம் என்றால் முனைகளில் தூண் எழுப்பி, தூணுக்குத் தனி அஸ்திவாரமும் கொடுக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். கூடத்துச் சுவரை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பூச்சு முடிந்து பெயின்டும் அடித்தாகிவிட்டது. மாடியில் ஒரு கதவு திடீரென்று நிலையில் இடிக்கிறது என்பது மட்டுமே அவர்கள் சொன்ன குறை. பீமின் முனையில் பூச்சைக் கொத்திப் பார்த்தேன். பழைய செங்கல்லின் மீது பீம் மூன்று விரற்கடை அளவே உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரிசைக் கற்கள் நசுங்கி, விரல் பட்டதும் சிவப்புத் தூளாக உதிர்ந்தன. அன்றிரவே முட்டுக் கொடுத்தோம். அந்த மூன்று வாரமும் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பீமுக்கு அடியில்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, சுமையைக் கணக்கிட்டு, வரைபடம் கையெழுத்தாகி வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். சுவரை இடிப்பதற்கு முன்பே இரு பக்கத் தளத்துக்கும் இரும்பு ஜாக்கி முட்டு நிற்க வேண்டும். மேலே சுவர் இருந்தால் அதில் துளையிட்டு, குறுக்கே இரும்பு நுழைத்து அதையும் தாங்க வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் மாடியில் யாரும் தங்கக் கூடாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு புது விரிசல் கிளம்பினாலும் வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. மறுபடி பூசிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: விழுந்த துண்டைக் கையில் எடுத்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். செம்பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால், விழுந்தது வெறும் பூச்சு அல்ல. கம்பியை மூடியிருந்த கான்கிரீட். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. தளத்துக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456. உங்களைப் போன்ற கடலோர ஊர்களுக்கு அதற்கும் மேல் வேண்டும். பழைய வீடுகளில், கம்பியை அடித்தகட்டிலிருந்து உயர்த்தி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக ஜல்லித் துண்டை வைத்தே தளம் போட்டிருப்பதால் பாதி கூட இருப்பதில்லை.

துருவின் மேல் சிமென்ட் பூசினால் துரு நிற்காது. அடுத்த முறை இன்னும் கனமான துண்டாக விழும், அவ்வளவுதான். முதலில் மேலே மொட்டைமாடியிலோ குளியலறையிலோ உள்ள ஒழுகலை அடையுங்கள். பிறகு தளத்துக்கு முட்டுக் கொடுத்து, தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தமாகத் தேய்த்து, இளைத்துப்போன இடங்களில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பாலிமர் கலந்த சாந்தால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மாடியில் பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மீதே சாந்து போட்டு டைல்ஸ் ஒட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டு அங்குலச் சாந்தும் அதன் மேல் டைல்சும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 125 கிலோ கூடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது ஏறத்தாழ 1,400 கிலோ. வீட்டுத் தளத்தில் ஆட்களும் சாமான்களும் என்று கணக்கில் கொள்ளும் சுமையே சதுர மீட்டருக்கு 200 கிலோதான்; அதில் பாதிக்கு மேல் நீங்கள் நிரந்தரமாக ஏற்றிவைக்கிறீர்கள். 1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சோல் நகரில் சம்பூங் பேரங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். திட்டத்தில் இல்லாத ஐந்தாம் தளம், அதில் உணவகங்களுக்காகப் போட்ட கனமான சூடேற்றும் தரை, மொட்டைமாடியில் ஏற்றிய குளிர்சாதன இயந்திரங்கள் என்று பிறகு கூட்டிய எடையும் அதற்குக் காரணம். வீடும் பேரங்காடியும் ஒன்றல்ல. ஆனால் தளத்துக்கு எடை எடைதான். மொசைக்கை உடைத்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள். உடைக்க வழியில்லை என்றால், மொசைக் உறுதியாகவும் மட்டமாகவும் இருக்கும் பட்சத்தில், சாந்து இல்லாமல் மெல்லிய பசையில் ஒட்டுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் ஓர் அறை போட்டோம். வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி நான்காம் நாளே சென்ட்ரிங்கைப் பிரிக்கக் கேட்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: விடாதீர்கள். சாதாரண சிமென்டுக்கே, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் குறைந்தது 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் இன்னும் சில நாள் கூட்டுங்கள். பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சென்ட்ரிங் தகட்டுக்குக் கூடுதல் வாடகை கேட்டால் கொடுத்துவிடுங்கள். பிரிக்கும்போது சன்ஷேடின் முட்டுகளைக் கடைசியாக, வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.